இனிப்பும் நெய்ப்பும்

தமிழில் இரண்டு நல்ல சொற்கள் நம் காலத்தில் பழிச்சொற்களாகிவிட்டன. ஒன்று சர்க்கரை, மற்றொன்று கொழுப்பு. "அவருக்குச் சர்க்கரை" என்று சொன்னால் இன்று எவரும் இனிப்பை எண்ணுவதில்லை, நோயையே எண்ணுகின்றனர். "அவனுக்குக் கொழுப்பு" என்றால் செருக்கு என்று பொருள். மருத்துவரின் அறையிலோ அதே சொல் அச்சத்தைத் தருகின்றது. ஆயினும் கொழுமை என்பது வளமையைக் குறித்த சொல். நெய் என்பதும் பண்டைத் தமிழில் பசுவின் நெய்யை மட்டும் சுட்டவில்லை. எண்ணெய்ப் பொருள்களையும் சுட்டியது. எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று.

வளமையைக் குறித்த சொற்கள் பகைமையைக் குறிக்கும் நிலைக்கு வந்தது ஏன்? இவ்விரு பொருள்களும் உண்மையிலேயே நமக்குப் பகையா? இதற்கு விடை காண வேண்டுமாயின், அவை எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்பதையும் உயிர்களின் உடலில் அவை என்ன பணி புரிகின்றன என்பதையும் சிறிதேனும் அறிதல் வேண்டும். வேதியியல் வகுப்பில் அமராத தமிழ் மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் விளங்குமாறு அதனை ஈண்டுக் கூற முயல்கின்றோம்.

பிழையில் பிறந்த பெயர்

கார்போஹைட்ரேட்டு என்னும் பெயர் ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலார் சர்க்கரைகளைப் பகுத்துப் பார்த்தபோது, அவற்றில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீரில் உள்ளவாறே இரண்டுக்கு ஒன்று என்னும் அளவில் இருக்கக் கண்டனர். ஆகவே இது கரியோடு நீர் சேர்ந்த பொருள் என எண்ணிப் பெயரிட்டனர். உண்மையில் அங்கு நீர் நீராக இல்லை. காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்திலும் அதே அளவு உண்டு. அது கார்போஹைட்ரேட்டு அன்று. டி.என்.ஏ.வில் அமைந்துள்ள சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் குறைகின்றது; அது கார்போஹைட்ரேட்டே. தமிழில் மாவுப்பொருள் என்று எழுதுவோரும் உளர். பருத்திப் பஞ்சிலும் இறாலின் ஓட்டிலும் மாவு ஏது? எனவே வழங்கி வரும் பெயரையே நாமும் வழங்குவோம்.

இக்குடும்பத்தின் தலைமகன் குளுக்கோசு. 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் ஆக 24 அணுக்களால் ஆனது. பழங்களிலும் தேனிலும் உள்ள ஃபிரக்டோசிலும், பால் சர்க்கரையில் பாதியாக அமைந்த காலக்டோசிலும் இதே 24 அணுக்களே உள்ளன. வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. அணுக்கள் நிற்கும் முறையில்தான் உள்ளது. குளுக்கோசையும் காலக்டோசையும் வேறாக்குவது ஒரே ஒரு கார்பன் அணுவில் ஏற்படும் திசைமாற்றமே. கண்ணால் காண இயலாத இத்திசைகளைச் சோதனைக் குழாய்களையும் தருக்கத்தையும் மட்டுமே துணையாகக் கொண்டு 1891ஆம் ஆண்டில் கண்டுரைத்தார் செருமானிய அறிஞர் எமில் ஃபிஷர். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓர் அணுவின் திசைதானே, அதனால் என்ன என்று கருதிவிடல் ஆகாது. காலக்டோசைக் குளுக்கோசாக மாற்றும் வழியில் உள்ள நொதி ஒன்று இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலும் தீங்காகிவிடுகின்றது.

இரு சர்க்கரைகள் இணையும்பொழுது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. மரம், வேர் என்னும் சொற்கள் புணர்ந்து மரவேர் ஆகுங்கால் இடையில் நின்ற மகர மெய் கெடுகின்றதன்றோ? நன்னூலார் இதனைக் கெடுதல் விகாரம் என்பார். குளுக்கோசும் ஃபிரக்டோசும் புணர்ந்து கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோசு ஆகுங்கால் நீர் கெடுகின்றது. செரித்தல் என்பது இதன் மறுதலை. நீரை மீண்டும் சேர்த்துப் பிரிப்பது. வினாத்தாளில் 'பிரித்து எழுதுக' என்று நாம் கேட்பதை நம் குடல் நாள்தோறும் வினாவின்றியே செய்து வருகின்றது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. சர்க்கரை நோயாளர்க்குக் கருப்பட்டியும் வெல்லமும் தேனும் தீங்கில்லை என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் வலுவாக வேரூன்றியுள்ளது. கருப்பட்டியில் சில தாது உப்புகள் உள்ளன என்பது மெய்யே. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோசு. தேனின் பெரும்பகுதியோ பிரிக்கும் வேலையும் மிச்சமில்லாத குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஆகும். நிறம் கறுத்ததனால் மூலக்கூறு மாறிவிடுவதில்லை. அன்பின் மிகுதியால் "இது கருப்பட்டிதான், சாப்பிடுங்கள்" என்று பெரியவர்களை உபசரிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சோறும் துணியும்

வகுப்பில் ஒருமுறை மாணவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "ஐயா, சோறும் குளுக்கோசுச் சங்கிலி, பருத்தித் துணியும் குளுக்கோசுச் சங்கிலி என்கிறீர்கள். அப்படியானால் துணியைத் தின்று உயிர் வாழலாமே?" வகுப்பே சிரித்தது. ஆனால் கார்போஹைட்ரேட்டு இயலில் இதனினும் சிறந்த கேள்வி இல்லை என்றே எண்ணுகின்றோம்.

குளுக்கோசின் முதற் கார்பனில் உள்ள பிணைப்பு இரு திசைகளுள் ஒன்றை நோக்கி அமையலாம். ஒரு திசையை ஆல்ஃபா என்றும் மற்றதைப் பீட்டா என்றும் குறிப்பர். ஆல்ஃபா முறையில் கோத்தால் சங்கிலி வளைந்து சுருளும். அதுவே ஸ்டார்ச்சு, அரிசி, கிழங்கு, பயறு ஆகியவற்றின் சேமிப்பு. நெகிழ்ந்த அமைப்பாதலின் வெந்நீர் உட்புகுந்து அதனை ஊதச் செய்கின்றது. நம் உமிழ்நீரின் நொதியும் கணையத்தின் நொதியும் அதனை எளிதில் வெட்டுகின்றன. பீட்டா முறையில் கோத்தாலோ ஒவ்வொரு குளுக்கோசும் முன்னதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்க, சங்கிலி நேர்கோடாக நீள்கின்றது. அத்தகைய சங்கிலிகள் பல பக்கம் பக்கமாகப் படுத்து ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அதுவே செல்லுலோசு. 1838இல் ஃபிரெஞ்சு அறிஞர் ஆன்செல்ம் பாயென் இதனைப் பிரித்தறிந்தார். மரத்தின் வலிமை, பருத்தியின் இழை, இக்கட்டுரை அச்சாகும் தாள் யாவும் செல்லுலோசின் கொடை. அப்பிணைப்பை வெட்டும் நொதி மனிதனிடத்தில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து தருகின்றன. நாம் துணியை உடுத்துவதும் சோற்றை உண்பதும் ஒரு பிணைப்பின் திசையால் நேர்ந்தவை.

ஸ்டார்ச்சிலும் இரு வகை உண்டு. கிளையற்ற அமைலோசு ஒன்று. கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் மற்றொன்று. அமைலோசு மிக்க அரிசி உதிரி உதிரியாக வேகும். அஃது ஏறத்தாழ இல்லாத அரிசி பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பிரியாணிக்கு எவ்வரிசி, பாயசத்துக்கு எவ்வரிசி என்று நம் சமையற்காரர் தேர்ந்தெடுப்பது இவ்வேதியியலைக் கைப்பழக்கத்தால் அறிந்தே.

நோன்புக் காலத்தில் நம் இல்லங்களில் காய்ச்சப்படும் கடல்பாசியையும் இங்கு நினைவு கூரலாம். கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அப்பொருள் காலக்டோசு வகைச் சர்க்கரைகளாலான நெடுஞ்சங்கிலி. கொதிநீரில் கரைந்து, ஆறியதும் உறைந்து, தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரைத் தன் வலைக்குள் பிடித்து நிறுத்திக்கொள்ளும். நம் குடல் அதனைச் செரிப்பதில்லை. எனவே வயிற்றை நிறைத்தும் ஆற்றலைத் தருவதில்லை. இனிப்பெல்லாம் நாம் சேர்க்கும் சர்க்கரையினுடையதே. ஆய்வுக்கூடங்களில் நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய்வதற்கும் இதே கடல்பாசியைத்தான் தட்டுகளில் ஊற்றுகின்றனர்.

கல்லீரலின் களஞ்சியம்

ஒரு மனிதனின் குருதி முழுவதிலும் கரைந்துள்ள குளுக்கோசு 4 அல்லது 5 கிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டி அளவு. மூளையோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசை வேண்டுகின்றது. இக்கணக்கு எவ்வாறு நேராகின்றது? 1857இல் கிளாடு பெர்னார் கல்லீரலிலிருந்து கிளைக்கோசன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து இதற்கு விடை தந்தார். இதுவும் ஸ்டார்ச்சைப் போன்றதே. ஆயினும் மிகுதியும் கிளைத்தது. கிளைகள் பலவாயின் முனைகள் பல; முனைகள் பலவாயின் ஒரே நேரத்தில் பல குளுக்கோசு மூலக்கூறுகளை உதிர்க்க இயலும். ஓடும் மானுக்கும் துரத்தும் புலிக்கும் இவ்விரைவு தேவை.

கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 400 கிராம் அளவும் கிளைக்கோசன் இருக்கும். தசை தன் இருப்பைத் தானே செலவிடும், குருதிக்குத் தருவதில்லை. கல்லீரலே பொதுக் களஞ்சியம். நோன்பிருப்பவர் ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருக்கையில், முதலில் இக்களஞ்சியமே மூளைக்குப் படியளக்கின்றது. மாலை நெருங்க நெருங்க உடல் கொழுப்பை மேலும் மேலும் எரிக்கத் தொடங்குகின்றது. நோன்பு திறக்கையில் உண்ணும் பேரீச்சம்பழத்தின் குளுக்கோசும் ஃபிரக்டோசும் பிரிக்க வேண்டிய தேவையின்றிக் குடலால் ஈர்க்கப்படுகின்றன. நலமுள்ள உடலில் இன்சுலினும் குளுக்ககானும் இம்மாற்றங்களை ஓசையின்றி நடத்துகின்றன. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர்க்கு அவ்வாறு அன்று. ஊசியின் அளவு நிலையாக இருக்கக் களஞ்சியம் குறைந்துகொண்டே வருமாயின் மூளை பட்டினி கிடக்கும், மயக்கம் வரும். இத்தகையோர் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவை முடிவு செய்தல் இன்றியமையாதது. வீட்டாரிடம் மறைத்து நோன்பு நோற்கும் முதியோர் உள்ளனர் என்பதால் இதனை அழுத்தமாகவே எழுதுகின்றோம்.

சர்க்கரை எரிபொருள் மட்டுமன்று, எழுத்தும் ஆகும். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் குட்டையான சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் முனையில் ஒரு வகைச் சர்க்கரை இருப்பின் ஏ பிரிவு. வேறொன்று இருப்பின் பி பிரிவு. இரண்டும் இருப்பின் ஏபி. இரண்டும் இன்றேல் ஓ. கார்ல் லாண்டுஸ்டைனர் 1901இல் வெளியிட்ட இப்பாகுபாட்டின்மேல்தான் குருதிக் கொடை முழுவதும் நிற்கின்றது. 1952இல் பம்பாய் மருத்துவர்கள் வியப்பானதொன்றைக் கண்டனர். சிலருக்கு ஓ பிரிவினர்க்கும் உள்ள ஃபியூக்கோசு என்னும் அடிச் சர்க்கரையும் அச்சங்கிலியில் இல்லை. அவர்களுக்கு ஓ குருதியும் ஒவ்வாது. தம்மைப் போன்றோரின் குருதியே பொருந்தும். அப்பிரிவுக்குப் பம்பாய்ப் பிரிவு என்றே பெயர். ஒரு சர்க்கரை எழுத்து விடுபட்டதனால் ஒருவருக்குக் குருதி கிடைப்பது இத்துணை அரிதாகின்றது.

நீரை வெறுக்கும் இனம்

லிப்பிடுகளுக்கு வருவோம். கார்போஹைட்ரேட்டுகளை அமைப்பால் இனங்காண்கின்றோம். லிப்பிடுகளையோ குணத்தால் இனங்காண்கின்றோம்: நீரில் கரையாமை. எண்ணெய், மெழுகு, கொலஸ்ட்ரால், சில ஹார்மோன்கள், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் ஆகியன அமைப்பில் வேறுபட்டும், நீரை வெறுப்பதால் ஒரு குடியினவாகின்றன.

இவற்றுள் நமக்கு மிகவும் பழக்கமானவை நெய்யும் எண்ணெயும். ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தவை அவை; இங்கும் மூன்று இணைப்புகளுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள் கெடுகின்றன. கொழுப்பு அமிலம் என்பது நீண்ட கார்பன் வால். அவ்வாலில் ஹைட்ரஜன் நிறைந்திருப்பின் அது நேராக நிற்கும். நிறைவுற்ற கொழுப்பு எனப்படும். நேரான விறகுகள் நெருங்கி அடுக்குவது போல் இவை நெருங்கி உறையும். தேங்காய் எண்ணெய் மார்கழி மாதத்துக் காலையில் வெண்மையாக உறைந்து நிற்பது இதனாலேயே. 24 பாகை செல்சியசு அளவில் அஃது உறையும். வாலின் இடையில் இரட்டைப் பிணைப்பு வந்தால் அவ்விடத்தில் ஒரு வளைவு ஏற்படும். கோணல் விறகுகள் அடுக்குக்கு அடங்குமா? நல்லெண்ணெயில் பெரும்பகுதி இவ்வாறு வளைந்த வால்களே. ஆகவே அது குளிரிலும் நீர்மமாகவே இருக்கின்றது.

மனிதர் இவ்வளைவை நிமிர்த்த முயன்ற வரலாறு ஒன்றுண்டு. தாவர எண்ணெயில் நிக்கல் துணையுடன் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல் உறையச் செய்தனர். அதுவே வனஸ்பதி. மலிவாகவும் நெடுநாள் கெடாமலும் இருந்தமையால் விருந்துக் கூடங்களிலும் அடுமனைகளிலும் அது பல்லாண்டுகள் கோலோச்சியது. ஆனால் அச்செயற்பாட்டில் சில இரட்டைப் பிணைப்புகள் மறையாமல் வேறு திசைக்குத் திரும்பிவிடுகின்றன. டிரான்ஸ் கொழுப்பு எனப்படும் அது, குருதியில் தீய கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைப்பதாகப் பின்னர்த் தெளிவாயிற்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதன் அளவை 2021இல் 3 விழுக்காட்டுக்கும், 2022 சனவரி முதல் 2 விழுக்காட்டுக்கும் மேற்படலாகாது என வரையறுத்தது. மீண்டும் திசையின் கதையே.

உடல் கொழுப்பைச் சேமிப்பது ஏன்? கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். கார்போஹைட்ரேட்டு 4 தரும். அன்றியும் கிளைக்கோசன் தன்னைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரையும் சுமந்து நிற்கும். கொழுப்பு நீரைச் சேர்க்காது. 10 கிலோ கொழுப்பில் உள்ள ஆற்றலைக் கிளைக்கோசனாகச் சுமக்க வேண்டுமாயின் நீரோடு சேர்த்து 65 கிலோவுக்கும் மேல் சுமக்க நேரும். நாம் நம்மைப் போன்ற இன்னொருவரை முதுகில் தூக்கித் திரிவோம். கடல் கடந்து பறக்கும் பறவையும், பாலையைக் கடக்கும் ஒட்டகமும் கொழுப்பையே கட்டுச்சோறாகக் கொண்டது இதனால்தான். ஒட்டகத்தின் திமிலில் நீர் உள்ளது என்று சிறுவயதில் நமக்குச் சொன்னார்கள். அதில் இருப்பது கொழுப்பே.

சுவரும் மூச்சும்

எரிபொருள் என்பதனினும் பெரிய பணி ஒன்று லிப்பிடுகளுக்கு உண்டு. கிளிசராலில் மூன்றாவது வாலுக்கு மாற்றாகப் பாஸ்பேட்டு சேர்ந்த தலை ஒன்று அமைந்தால் அது பாஸ்போலிப்பிடு. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். இவற்றை நீரில் இட்டால், எவரும் ஏவாமலே வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை இருபுறமும் நீட்டி இரட்டை அடுக்காக நின்றுவிடும். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு அறிஞர் இருவர் சிவப்பணுக்களின் லிப்பிடைப் பிரித்து நீர்மேல் பரப்பி அளந்தனர். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு வந்தது. செல்லின் சுவர் ஈரடுக்கு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. இரண்டு இலட்சம் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். உயிருக்கும் புறத்துக்கும் இடையில் நிற்பது அத்துணை மெல்லிய கொழுப்புப் படலமே.

கொலஸ்ட்ராலும் அச்சுவரில் ஓர் உறுப்பு. சுவர் மிக உறையாமலும் மிக நெகிழாமலும் அது காக்கின்றது. பித்த அமிலங்களும், வெயிலில் தோல் ஆக்கும் வைட்டமின் டி-யும், ஆண்மை பெண்மை ஹார்மோன்களும் அவ்வழியில் வருவனவே. நம் உடலுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. அளவு மீறிக் குருதிக்குழாயின் சுவரில் படியும்போதுதான் தீங்கு; அதன் இருப்பே தீங்கன்று. கடலை எண்ணெய்த் தகரங்களில் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் காண்கின்றோம். தாவர எண்ணெயில் அஃது இயல்பாகவே இருப்பதில்லை. மரத்தில் காய்த்த மாம்பழத்தை 'எலும்பில்லாதது' என்று விற்பது போன்றது இது.

இனி நுரையீரலைக் காண்போம். அதில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணறைகளின் உட்புறம் ஈரமானது. ஈரப்பரப்பு சுருங்க விழையும். ஒவ்வொரு மூச்சு வெளிவரும்போதும் அறைகள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதனைத் தடுப்பது அந்த ஈரத்தின்மேல் பரவிய ஒரு பாஸ்போலிப்பிடுப் படலம். கருவிலுள்ள குழந்தை இதனைப் போதிய அளவில் ஆக்குவது கடைசி வாரங்களில்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததற்குக் காரணம் இப்படலம் இன்மையே என 1959இல் மேரி எலன் ஏவரி காட்டினார். அறிந்தும் அன்று மருந்தில்லை. 1963 ஆகஸ்டு மாதத்தில், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் இரண்டே நாளில் இந்நோயால் இறந்தான். உலகின் எந்த மருத்துவ வசதியும் அக்குடும்பத்துக்கு எட்டாததன்று. அந்தச் சில மில்லிகிராம் கொழுப்பு மட்டும் எட்டவில்லை. 1980இல் சப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டின் நுரையீரலிலிருந்து அப்பொருளை ஆக்கி, குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தினார், திணறல் தணிந்தது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் இம்மருந்து சிறு குப்பிகளில் வைக்கப்பட்டுள்ளது. பால்போல் வெண்மையான அதில் நீர் நீங்கலாகப் பெரும்பகுதி கொழுப்பே.